அலுமாரி யார் வீட்டுப் பொருள்?

பேராதனையிலும் கெலிஓயா, கம்பளைப் பக்கங்களிலும் பழைய மனைகள் கைமாறும்போது வீட்டைவிட்டு முதலில் வெளியேறுவது அலுமாரியே. மேசை கதிரைகளை உறவினர் பங்கிட்டுக்கொள்வர். கட்டில் யாரேனும் ஒரு பேரனுக்குப் போகும். அலுமாரியை ஏற்பார் இல்லை. இக்காலத்து அறைகளுக்கு அதன் உயரம் மிகை. மாடிப்படியில் அது திரும்பாது. ஆதலின் தரகர் வருவார். அவர் அதனைத் தடவிப் பார்த்து, விற்கும் இடத்தில் விலை கூடும் என்ற கணக்கில், "பிரெஞ்சு அலுமாரி" என்று பெயர் சூட்டுவார். வீட்டாரோ, "இல்லை, இஃது ஒல்லாந்தர் காலத்தது, எங்கள் பாட்டனார் அப்படித்தான் சொல்வார்" என்பர். இவ்விரு பேச்சுக்கும் நடுவே, அப்பொருளைத் தன் கையால் செய்த ஒருவன் இருந்தான் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

தரகரையோ வீட்டாரையோ குறை கூறுதற்கு யான் இதனை எழுதவில்லை. பொருளைப் பார்க்கவும் பார்த்ததைச் சொல்லால் நிறுத்தவும் கற்பிக்க வேண்டியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாம். நாம் அதனைச் செய்யவில்லை என்பதே என் வழக்கு.

சென்ற ஆண்டு, ஏட்டுச் சுவடிகள் சில உள்ளன என்று கேள்வியுற்று மகாவலிக் கரையை அடுத்த வீடொன்றுக்குப் போயிருந்தேன். சுவடிகள் என்று சொல்லப்பட்டவை பழைய கணக்குப் புத்தகங்கள். எனக்கு அவற்றால் பயன் இல்லை. அவை இருந்த அலுமாரி என்னை நிறுத்திவிட்டது. ஏழடிக்கு மேற்பட்ட உயரம். இரு கதவுகள். கதவுகளின் மேல்விளிம்பு வில்போல் வளைந்திருந்தது. வளைவின் நடுவில் ஒரு சிப்பி செதுக்கப்பட்டிருந்தது. கீழ்ப்பலகை அலைபோல் நெளிந்து சென்று குட்டையான வளைகால்களில் முடிந்தது. உடல் முழுவதும் முதிரை மரம்; விளிம்புகளிற் கருங்காலிக் கீற்று. என்னுடன் வந்த ஓடாவியார் கதவைத் திறந்தும் மூடியும் பார்த்துவிட்டு, "பண்டிதர் ஐயா, இதிலே இரும்பாணி கிடையாது. இந்த முளைகளைத் தட்டி எடுத்தால் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். வண்டியிலே ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பவும் பூட்டலாம்" என்றார்.

பிரான்சு நாட்டுப் பெரிய அலுமாரிகளும் இவ்வாறு கழற்றிப் பூட்டத்தக்கனவாகவே செய்யப்பட்டன. சிப்பியும் வில்வளைவும் வளைகாலும் பதினைந்தாம் லூயி மன்னன் காலத்துப் பாணியின் அடையாளங்கள். அப்படியாயின் தரகர் கூற்று மெய்யா? முதிரை பிரான்சில் வளர்வதில்லை. அது நம் வன்னிக் காட்டு மரம். வடிவம் ஒரு நாட்டது, மரம் ஒரு நாட்டது, கை ஒரு நாட்டது. இதனை எப்பெயரால் அழைப்பது?

சிறிது பின்னோக்கிச் செல்வோம். முன்னாளில் ஐரோப்பியர் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது அலுமாரியன்று, பெட்டகமே. யாழ்ப்பாணத்து வீடுகளிற் பட்டும் நகையும் உறுதிகளும் வைத்துப் பூட்டிய பெட்டகத்துக்கு அஃது ஒருவகையில் தமையன் முறை. பெட்டகத்தின் குறை யாவரும் அறிந்தது: அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமாயின் மேலுள்ளன யாவற்றையும் வெளியே குவிக்க வேண்டும். அதனை நிமிர்த்தி நிறுத்தி, மூடியைக் கதவாக்கி, உள்ளே தட்டுகளை அமைத்தால் அலுமாரி. இலத்தீன் மொழியில் 'ஆர்மாரியும்' என்பது முதலிற் படைக்கலம் வைக்கும் இடத்தைக் குறித்தது. பின்னர்த் தேவாலயங்களில் பூசைப் பாத்திரமும் நூலும் காக்கும் பேழைக்கு அப்பெயர் சென்றது. பிரெஞ்சு மொழியில் அது 'ஆர்முவார்' ஆயிற்று. துணிமணி காக்கும் பொருளாயிற்று. வாள் இருந்த இடத்தில் வெள்ளை விரிப்புகள் குடியேறியமை நல்ல மாற்றம் என்றே கொள்ளலாம்.

பதின்மூன்றாம் லூயி காலத்து (1610–1643) அலுமாரி கோட்டைக்கதவு போன்றது. நேர்கோடுகள், தடித்த சட்டங்கள், வைரக்கல்லின் பட்டைபோல் கூர்மையாக இழைத்த கதவுப் பலகைகள். பதினான்காம் லூயி காலத்தில் (1643–1715) அரசனின் பெருமிதத்துக்கேற்ப அது மின்னத் தொடங்கியது. ஆந்திரே சார்ல் பூல் என்னும் தச்சப் பேராசான் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றில் ஒன்று பொருந்தும்படி அறுத்து மரத்தின்மேல் பதித்தான். அவன் செய்தவற்றை இன்றும் அவன் பெயராலேயே அழைக்கின்றனர். அடுத்த மன்னன் காலத்தில் (1715–1774) நேர்கோடு தளர்ந்தது. சிப்பி, கொடி, நெளிவு ஆகியன வந்தன. பதினாறாம் லூயி காலத்தில் (1774–1792) மீண்டும் நேர்கோடு. அரண்மனையில் நிகழ்ந்த இம்மாற்றங்கள் நாட்டுப்புறத்துக்கு மெல்ல மெல்லவே சென்றன. நோர்மண்டிப் பகுதிக் குடியானவர் மணப்பெண்ணுக்கென ஓக்கு மரத்தில் அலுமாரி செய்வித்தனர். அதன் நெற்றியில் இணைப்புறாவும் பூக்கூடையும் கோதுமைக் கதிரும் செதுக்குவித்தனர். மணப்பெண் கொண்டுசெல்லும் துணிகளுக்கெல்லாம் அதுவே இருப்பிடம். நம் திருமணங்களிற் கூறைப்பெட்டி பெறும் மதிப்பை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இப்பாணி ஒல்லாந்துக்குப் போனதற்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு. 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி, சீர்திருத்தக் கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்துக் கட்டளையை நீக்கினான். கைவினைஞர் பல்லாயிரவர் நாட்டைவிட்டு ஓடினர். அவர்களுள் தானியேல் மாரோ என்பவன் ஒல்லாந்து சென்று ஒரேஞ்சு இளவரசன் வில்லியத்திடம் பணி ஏற்றான். பிரெஞ்சு அரண்மனை அலங்காரம் அவன் வரைபடங்கள் வழியே ஒல்லாந்தர் வீடுகளிற் புகுந்தது. அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து, 1796இற் கொழும்பைக் கைவிடும்வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். கப்பலில் ஆள் வந்தான். ஆளோடு ஆசைகள் வந்தன. அலுமாரி மட்டும் வரவில்லை. அத்துணைப் பாரத்தைக் கப்பலில் ஏற்றி வருவதைவிட, இங்குள்ள மரத்தில் இங்குள்ள தச்சரைக்கொண்டு செய்விப்பது எளிது. ஆகவே நாம் ஒல்லாந்தப் பொருள் என்று சொல்வன பல, பிரான்சிற் பிறந்த கோட்டை ஒல்லாந்தன் சொல்லக் கேட்டு இந்நாட்டான் உளியால் எழுதியவை.

இவ்வழியில் வந்தவற்றுள் தலையாயது அலுமாரி அன்று, ஓர் அரியணை. கண்டி மன்னர்களின் சிம்மாசனம் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அதனை அளித்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதன் வடிவம் பதினான்காம் லூயி காலத்துப் பெருங்கதிரை வடிவம், கைப்பிடிகள் சிங்கங்கள், பொற்றகடு போர்த்து மணிகள் பதித்தது. 1739இல் அரசேறிய மதுரைத் தொடர்புடைய நாயக்க மன்னரும் அதிலேயே வீற்றிருந்தனர். 1815இற் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதனைக் கொண்டுசென்று வின்சர் மாளிகையில் வைத்தனர். 1934இற் குளொஸ்டர் கோமகன் வழியே அது திரும்பி வந்தது. அதன் முடியில் ஒரு ஞாயிறு உள்ளது. தம்மைச் சூரிய குலத்தவர் என்று கூறிக்கொண்டவர் கண்டி மன்னர். தன்னை ஞாயிற்றரசன் என்று அழைப்பித்துக்கொண்டவன் பதினான்காம் லூயி. அந்த ஞாயிறு எவருடையது என்று மாணவரைக் கேட்டால் அரைமணி நேரம் நல்ல வாதம் நடக்கும். யான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

பிரான்சியர் நேரே கண்டிக்கு வந்ததும் உண்டு. 1672இல் தெ லா ஹே என்னும் கடற்படைத் தலைவன் திருகோணமலையிலிருந்து அனுப்பிய தூதன் லா நெரோல், இரண்டாம் இராசசிங்கனின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, ஊர் திரும்பாமல் இந்நாட்டிலேயே தங்கினான். அவன் பெயர் இலங்கைக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆயினும் அவன் தன்னோடு அலுமாரி கொண்டுவந்திருக்கமாட்டான்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பேராதனையில் மகாவலியின்மேல் 1833இல் அமைந்த பாலம் முழுவதும் முதிரை மரத்தாலானது; 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாவி நின்றது; 1905இல் அகற்றப்பட்டு இரும்புப் பாலம் வந்தது. அத்தகைய மரத்தையே நம் தச்சர் அலுமாரிக்கு எடுத்தனர். கருங்காலியின் கதை இன்னும் சுவையானது. பிரெஞ்சு மொழியில் உயர்தரத் தச்சனுக்குப் பெயர் 'எபெனிஸ்து'; எபென் எனப்படும் கருங்காலியில் வேலை செய்பவன் என்பது அதன் பொருள். கருங்காலி வந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நம் காட்டு மரம் அவர்கள் நாட்டில் ஒரு தொழிலுக்கே பெயராயிற்று. நாமோ, கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுகிறது என்று பழி கூறி, அம்மரத்தின் பெயரை வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம்! 'கலுமெதிரிய' என்று சிங்களத்தில் வழங்கும் வரிக்கருங்காலியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அது வெட்டப்பட்டு அருகிவிட்டது என்று எமர்சன் தெனன்ற் 1859இலேயே எழுதிவிட்டார்.

பாரிசு நகரத் தச்சர் சங்கம் 1743இல் ஒரு விதி வகுத்தது. ஒவ்வொரு தச்சனும் தான் செய்த பொருளில் தன் பெயரை இரும்பு முத்திரையாற் பொறித்தல் வேண்டும். அதனால் இன்று ஒரு சிறு மேசையைக் கவிழ்த்துப் பார்த்து இஃது இன்னான் செய்தது என்று அவர்கள் சொல்ல முடிகிறது. நம் தச்சனுக்கு முத்திரை இல்லை. முத்திரை இல்லாதபடியால் வந்த கேடு சிறிதன்று. சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் பதினேழாம் நூற்றாண்டிற் கருங்காலியிற் குடைந்து செய்த கதிரைகள் இங்கிலாந்துக்குப் போயின. அடுத்த நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் பெரும்புலமையாளர் அவ்வகைக் கதிரைகளை விலைக்கு வாங்கி, அவை தம் நாட்டுத் தியூடர் மன்னர் காலத்தவை என்று நம்பித் தம் மாளிகையில் வைத்தார். மற்றவரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். கற்றவரே இவ்வாறு மயங்கினாராயின் கம்பளைத் தரகர் என்ன செய்வார்!

இனிச் சொல்லுக்கு வருவோம். என் தொழில் அதுதானே. 'அலுமாரி' தமிழன்று என்றும், 'நிலைப்பேழை' என எழுதுதல் வேண்டும் என்றும் சிலர் கூறுவர். தூய்மையில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆயினும் இவ்வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகியன போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. மேசையின் லாச்சியும், அப்பன் வேலைக்குப் போன கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. தமிழ்நாட்டு அன்பர்கள் கதிரையை நாற்காலி என்று அழகாகச் சொல்வர். அலுமாரிக்கு மட்டும் 'பீரோ' என்பர். அது பிரெஞ்சுச் சொல். முதலில் எழுதுமேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. பின் அம்மேசையை, பின் அம்மேசை இருந்த அலுவலகத்தை. தமிழ்நாட்டில் வந்து இரும்பு அலுமாரியாகி நின்றுவிட்டது. ஆக, பாக்கு நீரிணைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் தமிழர் தம் துணிகளை வேற்றுமொழிச் சொல் ஒன்றனுள் மடித்துவைக்கின்றனர். இதில் நாணுதற்கு ஒன்றும் இல்லை. இச்சொற்களை நீக்கினால் நானூறு ஆண்டுகளில் எவர் எவர் இக்கரைக்கு வந்தனர் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சான்று போய்விடும்.

யான் அஞ்சுவது வேறொன்றற்கு. அலுமாரி என்ற ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அதன் உறுப்புகளுக்குரிய சொற்கள் நம்மைவிட்டுப் போகின்றன. இந்நாட் சிறுகதைகளில் "மூலையில் ஒரு பழைய அலுமாரி இருந்தது" என்று காண்கிறேன். அவ்வளவே. என்ன மரம், எவ்வகைக் கால், கதவு எதில் தொங்குகிறது என்பன எழுதுபவருக்கும் தெரியாது, படிப்பவரும் கேட்பதில்லை. நம் முன்னோர் அப்படி இருந்தாரா? நெடுநல்வாடையைத் திறந்து பாருங்கள். பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் எத்துணை நுணுக்கமாகச் சொல்கிறார்! நாற்பது அகவை எய்திய போர்யானையின், தானாக வீழ்ந்த கொம்பு. கூரிய உளியால் இடையிடையே குடைந்த இலைத்தொழில். காலில் உள்ளிப்பூண்டின் அடிபோன்ற உறுப்பைப் பொருத்தியமை. இவ்வளவும் கணவனைப் பிரிந்த ஒருத்தியின் துயரைச் சொல்லவந்த பாட்டில்! கட்டிலின் கால் தெரிந்த பின்னரே அதன்மேற் கிடப்பவளின் தனிமை நமக்குத் தெரிகிறது. உரையெழுதிய நச்சினார்க்கினியரும் அந்த உள்ளியைத் தாண்டிப் போகவில்லை. நின்று பொருள் சொன்னார்.

அந்த உள்ளிக்கு இன்னொரு பயன் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அலுமாரிகளின் கீழே உருண்டையான குட்டைக் கால்கள் இருக்கும். ஒல்லாந்தர் அவற்றை மிக விரும்பினர். நம் நாட்டு அலுமாரிகளிலும் அவை உண்டு. ஆங்கிலேயர் அவற்றை அப்பத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். 'உள்ளிக்கால்' என்றால் நம் மாணவனுக்கு உடனே விளங்காதா? அலுமாரியின் உச்சியில் முன்தள்ளி நிற்கும் விளிம்பைக் கோயிற் சிற்பியர் கொடுங்கை என்பர். ஒரு சட்டத்தின் முனையிற் செதுக்கிய நாக்கு கழுந்து. பலகை சென்று அமரும் பள்ளம் காடி. கடைசற்பட்டறையில் உருட்டி எடுத்த தலை குமிழ். இவை அகராதியில் உறங்கும் சொற்கள் அல்ல. என்னுடன் வந்த ஓடாவியார் வாயில் இருந்தவை. கொடுங்கையும் உள்ளியும் என் கையிலிருந்து போயின. கழுந்தும் காடியும் அவர் தந்தார். பண்டிதனும் ஓடாவியும் சேர்ந்தால் ஓர் அலுமாரியைத் தலைமுதல் கால்வரை தமிழிற் சொல்லிவிடலாம் என்பதை அன்று கண்டேன்.

பிறநாட்டு வடிவத்தைப் போற்றுவது நம் பெருமைக்கு இழுக்கு என்று கருதுவாரும் உளர். மணிமேகலையிற் புகார் நகர அரச மண்டபத்தை யார் கட்டினர்? யவனத் தச்சரும் வடபுலக் கைவினைஞரும் தமிழ் வினைஞரோடு கூடிக் கட்டினர் என்கிறார் சாத்தனார். இதனை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எந்த நாட்டார் எவ்வேலை செய்தனர் என்று பிரித்துச் சொல்வதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது போலும். அதே நேர்மையை இந்த முதிரை அலுமாரிக்கும் காட்டினால் போதும்: கோடு பிரெஞ்சுக் கோடு, வழி ஒல்லாந்தர் வழி, மரம் வன்னி மரம், கை இந்நாட்டுத் தச்சன் கை. நான்கில் ஒன்றை மட்டும் சீட்டில் எழுதி ஒட்டுவது விற்பனைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

இவற்றைப் பற்றி ஆராய்ந்தோர் இல்லாமல் இல்லை. கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த யோசெப் பியர்சன் எழுதினார். ஆர். எல். புரோகியர் ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றி 1969இல் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. கொழும்புப் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் நூதனசாலை இருக்கிறது. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் விலங்குகாட்சிச்சாலைக்குப் போகும் வழியில் அங்கும் ஒரு மணி நேரம் இறங்கலாம். ஆனால் அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் தச்சுப்பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வந்தபின் அவற்றின் தொகை குறைந்துகொண்டிருக்கிறது. உளி பிடித்த முதியவர் ஒருவர் பட்டறையை மூடும்போது அவரோடு எத்தனை சொற்கள் போகின்றன என்பதை எவர் எண்ணுகிறார்? ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரைப் போற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதுவிக்கிறோம். ஏட்டில் ஏறாத சொல்லைத் தேடி அடுத்த தெருப் பட்டறைக்கு ஒரு மாணவனையாவது அனுப்பினோமா?

சென்ற தவணையில் என் வகுப்பாரிடம் 'வசந்தகாலம்' பற்றிக் கட்டுரை கேட்பதை விடுத்தேன். நம் நாட்டில் அப்பருவத்தைக் கண்டவரும் இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டிலோ அயலிலோ உள்ள பழைய மரப்பொருள் ஒன்றை, அதனை நேரிற் காணாத ஒருவன் அப்படியே வரைந்துவிடும்படி எழுதி வருமாறு பணித்தேன். தெரியாத உறுப்புக்குப் பெயரைத் தச்சரிடம் கேட்டு எழுத வேண்டும், தாமாக ஆக்கக்கூடாது. முதலில் முணுமுணுத்தனர். பிறகு வந்த கட்டுரைகள் நான் பல ஆண்டுகளாகத் திருத்தியவற்றுள் சிறந்தவை. ஒரு மாணவி தன் பாட்டியின் அலுமாரிக் கதவு கீலில் தொங்கவில்லை, மேலும் கீழும் மரக்குடுமியில் சுழல்கிறது என்று கண்டுபிடித்து எழுதியிருந்தாள். அக்கதவை நாள்தோறும் திறந்து மூடிய அவ்வீட்டார் எவரும் அதனை அதுவரை கவனித்ததில்லை.

சொற்களைத் தனி நோட்டில் தொகுத்து வருகிறோம். அலுமாரியின் உச்சியில் வில்போல் நிற்கும் செதுக்குப் பலகைக்கு மட்டும் முடிவு ஏற்படவில்லை. கம்பளைத் தச்சர் அதனை 'நெற்றி' என்றார். கட்டுகஸ்தோட்டையார் 'முடிப்பலகை' என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் முதியவர் 'கிரீடம்' என்று சொல்லி, மற்றிருவரும் சொன்னது பிழை என்றும் சேர்த்துச் சொன்னார். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.